எங்கள் குடும்பச் சின்னத்தில் புலி வேண்டாம், சும்மாடு போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் சென்ற மாதம், கேடயத்தில் வரையும் குடும்பச் சின்னங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அதைவிடக் கவனமாக, அடுத்த வாரம் அதற்கு வந்த இரண்டு கடிதங்களைப் படித்தேன். ஒரு வாசகர், கடல் கடந்த தமிழர்கள் புலி, மீன், வில் மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும், புதிதாக எதையும் தேடி அலைய வேண்டாம் என்கிறார். இன்னொருவர், கேடயம் வரைந்து சுவரில் மாட்டுவது வெள்ளைக்காரப் பிரபுக்களின் பகட்டு, கரும்பு வெட்டப் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது எதற்கு என்று கேட்கிறார். எங்கள் வீட்டில் கொஞ்ச காலமாக இதே பேச்சுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே இருவருக்கும் சேர்த்தே பதில் எழுத உட்கார்ந்தேன். கடிதம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். 1993இல் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் மறுபடி உறவு வைத்துக்கொண்டன அல்லவா, அதற்குப் பிறகு டர்பன் குடும்பம் ஒன்றுக்கு மருமகளாக வந்தவள். இப்போது சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். மாமனார் தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்கத் திணறுவார். என் வீட்டுக்காரர் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவார். தமிழில் கடிதம் எழுத வேண்டுமென்றால் இந்த வீட்டில் அது என் வேலை. சனிக்கிழமை கோயில் பள்ளியில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுப்பதும் நான்தான்.

பகட்டு என்று எழுதியவருக்கு முதலில். இந்த நாட்டில் குடும்பச் சின்னத்தைப் பதிவு செய்வதற்கென்று அரசாங்க அலுவலகமே உண்டு. 1962இல் வந்த சட்டத்தின்படி 1963இல் பிரிட்டோரியாவில் தொடங்கியது. பள்ளிக்கூடம், நகராட்சி, சங்கம் மட்டுமல்ல, தனி மனிதர் யாரும் விண்ணப்பிக்கலாம். உன் தாத்தா எந்த ஜமீன் என்று கேட்க மாட்டார்கள். நீ கொண்டுவரும் சின்னம் ஏற்கெனவே பதிவானதைப் போல இருக்கிறதா, சின்னம் வரைவதற்கான விதிகளுக்கு அடங்குகிறதா, இவ்வளவுதான் பார்ப்பார்கள். பிறகு அரசிதழில் போடுவார்கள், ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம். 1994இல் ஏறிய எங்கள் நாட்டுக் கொடி இருக்கிறதே, அதை வரைந்த பிரெடரிக் பிரவுனெல் அந்த அலுவலகத்தின் தலைவராக இருந்தவர்தான்.

இங்கிலாந்தில் சின்னம் என்பது அரசரின் பெயரால் வழங்கப்படுவது. தென்னாப்பிரிக்காவில் நிலைத்தது டச்சுக்காரர்களின் வழக்கம். அடுத்தவருடையதை எடுக்காதவரை யாரும் தனக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ளலாம், பதிவு செய்தால் அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஹாலந்திலும் சுவிட்சர்லாந்திலும் பல நூறு ஆண்டுகளாகக் குடியானவர்களும் கைவினைஞர்களும்கூடக் கேடயம் வைத்திருந்தார்கள். ஏர்க்கொழுவைப் போட்டுக்கொண்ட குடும்பங்கள் உண்டு. அவர்கள் எந்தக் கோட்டையில் இருந்தார்கள்? மண்டேலாவுக்கும் ஒரு சின்னம் இருக்கிறது. 1996இல் டென்மார்க் அரசி அவருக்கு யானை விருது கொடுத்தார். அந்த விருது பெற்றவர்களின் கேடயங்களை அங்கே பிரெடரிக்ஸ்போர்க் அரண்மனைக் கோயிலில் வரிசையாக மாட்டுவார்கள். ஐரோப்பிய ராஜாக்களின் சிங்கங்களுக்கும் கழுகுகளுக்கும் நடுவில் மண்டேலாவின் கேடயம் நம் நாட்டுக் கொடியை ஒட்டிய வடிவத்தில் தொங்குகிறது. இதில் பகட்டு எங்கே வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

பகட்டு வேறு இடத்தில் இருந்தது. 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவித்த தர்பார் நடந்தது. அதற்காக வங்காளத்தில் பணியாற்றிய ராபர்ட் டெய்லர் என்ற ஆங்கிலேய அதிகாரி நம் ஊர் மகாராஜாக்களுக்கெல்லாம் ஐரோப்பிய முறையில் சின்னம் வரைந்து, பட்டுக்கொடிகளில் பதித்துக் கொடுக்க ஏற்பாடு செய்தார். அதே சமயத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து, டர்பன் இருக்கும் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கென்று கப்பல் கப்பலாக ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ராஜாவுக்குப் பட்டில் சின்னம், இவர்களுக்குத் தகரச் சீட்டில் எண்.

இனி புலிக்காரருக்கு வருகிறேன். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. என் கொழுந்தனார் மகனும் இதே கட்சிதான். ஜிம்முக்குப் போகிற பையன், தோளில் புலி பச்சை குத்திக்கொள்ள ஒரு வருடமாகத் தாயிடம் கெஞ்சுகிறான். சோழர் செப்பேடுகளின் வளையத்தில் இருக்கும் முத்திரையை அவன் எனக்கு போனில் காட்டினான். ஹாலந்தில் லைடன் நகரத்துக்குப் போன ஆனைமங்கலம் செப்பேட்டு முத்திரை அது. புலி உட்கார்ந்திருக்கிறது, கூடவே இரண்டு மீனும் வில்லும் இருக்கின்றன, மேலே குடை, இரு பக்கம் சாமரம். பார்க்க அழகுதான். ஆனால் அந்த மீனும் வில்லும் அங்கே எப்படி வந்தன? தோற்றுப்போன பாண்டியனுடையதும் சேரனுடையதும் அவை. வென்றவன் தன் முத்திரையில் அவற்றைச் சேர்த்துக்கொண்டான். அது ஒரு பேரரசின் கணக்குவழக்கு, நம் வீட்டுப் பெயர்ப்பலகை ஆகாது. தவிர, எங்கள் குடும்பம் வந்தது வட ஆற்காட்டிலிருந்து. அது தொண்டை மண்டலம், பல்லவர் பூமி, அவர்களுக்குக் காளை. இதைச் சொன்னதும் பையன் ‘சரி, அப்போ காளை போடலாம்’ என்றான். விடவே மாட்டான்.

அந்தக் காலத்து வழக்கத்தில் எனக்குப் பிடித்தது விலங்குகளைவிடப் பூக்கள். சேரனுக்குப் பனம்பூ, பாண்டியனுக்கு வேப்பம்பூ, சோழனுக்கு ஆத்திப்பூ. போர்க்களத்தில் எவன் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டுமே, அதற்காகச் சூடிக்கொண்டார்கள். ஐரோப்பாவிலும் 12ஆம் நூற்றாண்டில் கேடயச் சின்னம் பரவியதற்கு இதே காரணத்தைத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள், இரும்புத் தொப்பிக்குள் முகம் மறைந்தால் ஆள் தெரியாது என்று. ஆக, அடையாளம் என்பது பார்த்தவுடன் ‘இவன் இன்னான்’ என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு வாசலில் புலியைப் பார்த்தால் யாருக்கு என்ன தெரியும்?

நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. இங்கே ஒரு பேரங்காடியில் ஒரு கடைக்காரர், பெயரைச் சொன்னால் போதும், கணினியில் தட்டி உங்கள் ‘பரம்பரைச் சின்னத்தை’ எடுத்து, குவளையிலோ மரப்பலகையிலோ அச்சடித்துக் கொடுக்கிறார். நாத்தனார் ஆசையாகப் போய் ஒரு பலகை வாங்கி வந்தாள். சிவப்பு, அதில் ஒரு சிங்கம், மேலே தலைக்கவசம், கீழே லத்தீனில் ஏதோ ஒரு வரி. எங்கள் குடும்பப் பெயர் டர்பனில் தடுக்கி விழுந்தால் கேட்கக்கூடிய பெயர். கோவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி, செட்டி, படையாச்சி என்று இங்கே குடும்பப் பெயர்களாக நிற்பவற்றில் பாதி, ஊரில் ஜாதிப் பட்டங்களாக இருந்தவை. மீதியில் பல, குமாஸ்தா எழுதிய அப்பா பெயர் அப்படியே தங்கிவிட்டது. ஒரே பெயர் கொண்ட ஆயிரம் குடும்பங்களுக்கு ஒரே ரத்தமும் கிடையாது, ஒரே ஊரும் கிடையாது. பெயருக்குச் சின்னம் என்பது பொதுவாக வழக்கத்தில் இல்லை. சின்னம் ஒரு குறிப்பிட்ட ஆளுக்கும் அவர் வழி வந்தவர்களுக்கும் உரியது. இந்தப் பலகை வியாபாரம் அயர்லாந்துக்காரர்களிடமும் ஸ்காட்லாந்துக்காரர்களிடமும் பல காலமாக நடக்கிறது, இப்போது நம்மவர்களிடம் வந்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பலகை ஆயிற்றே என்று நாத்தனார் அதைக் குளியலறைக்கு வெளியே மாட்டியிருக்கிறாள்.

சரி, அப்படியானால் எதைப் போடுவது? மாமனாரின் எண்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு எல்லாரும் கூடியிருந்தபோது பேச்சைத் தொடங்கினோம். பிரியாணி ஆறிப்போனது.

சின்ன மாமனார் கப்பல் வேண்டும் என்றார். அதுவும் ‘ட்ரூரோ’ கப்பல். 1860 நவம்பர் 16இல் டர்பனில் முதல் ஆட்களை இறக்கிய கப்பல் அது. இந்த நாட்டில் எந்தத் தமிழரைக் கேட்டாலும் எங்கள் தாத்தா ட்ரூரோவில் வந்தார் என்பார்கள். அந்தக் கப்பலில் வந்தவர்கள் 342 பேர். 1911இல் ஒப்பந்த முறை நிற்கும்வரை மொத்தம் வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். எங்கள் முன்னோர் வந்தது முப்பது வருடத்துக்கும் பிறகு, வேறு கப்பலில். அதற்குக் காகிதம் இருக்கிறது.

அந்தக் காகிதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் கப்பல் பட்டியலில் ஒரு வரி உண்டு. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், கடைசியாக அங்க அடையாளம். மாமனாரின் தாத்தாவுடைய வரியை என் மகள் தேடி எடுத்தாள். வட ஆற்காடு ஜில்லா, குடியாத்தம் தாலுகா. வயது 22. அங்க அடையாளம்: இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. அவருக்குப் புகைப்படம் கிடையாது, கல்லறை எங்கே என்று யாருக்கும் தெரியாது. உலகத்தில் அவர் உடம்பைப் பற்றி எழுதப்பட்ட ஒரே வாக்கியம் அந்தத் தழும்புதான்.

மகளுக்கு அந்த எண்ணைக் கேடயத்தில் போட வேண்டும் என்று பிடிவாதம். அவளுடைய தலைமுறையில் பலர் அந்த எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, சட்டையில்கூட அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். அவமானமாக இருந்ததை நாம் எடுத்துப் பெருமையாக்குகிறோம் என்கிறாள். மாமனார் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, ‘அந்த நம்பரைத் தோட்டத்துக் கங்காணி, சர்தார் என்பார்கள், கூப்பிட்டுக் கேட்டால் பெயரை மறந்துவிட்டு நம்பரைச் சொல்ல வேண்டும், தாத்தா சொல்லியிருக்கிறார்’ என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எப்படியும் கேடயத்தில் எழுத்தும் எண்ணும் எழுதுவது நல்ல வழக்கமல்ல என்பது சின்னக்கலைக்காரர்களின் பழைய கருத்து, அதனால் சண்டை அங்கேயே நின்றது. தழும்பை ஒரு சிவப்புக் கீற்றாகப் போடலாமா என்று அடுத்து கேட்டாள். அது எனக்கும் கொஞ்சம் பிடித்திருந்தது. மாமியார்தான் வேண்டாம் என்றார். அவர் உடம்புத் தழும்பை அவரோடு விடுங்கள், வெள்ளைக்காரன் வேட்டியைத் தூக்கிப் பார்த்து எழுதியதை நாமும் ஊருக்குக் காட்ட வேண்டுமா என்று கேட்டார். இதற்கு யாரிடமும் பதிலில்லை.

கரும்பில் எல்லாருக்கும் சம்மதம். 1910ஆம் ஆண்டுத் தென்னாப்பிரிக்கச் சின்னத்தில் நேட்டாலுக்கென்று ஒதுக்கிய கால்பாகத்தில் இரண்டு காட்டுமான்கள் ஓடின. கரும்பு இல்லை, அதை வெட்டியவர்களும் இல்லை. ஆக எங்கள் கேடயத்திலாவது இருக்கட்டும். கரும்போடு வெட்டுக்கத்தியும் வேண்டும் என்றார் சின்ன மாமனார். கத்தி வந்தால் அது ஆயுதம் போலத் தெரியும் என்றேன். 2000 ஏப்ரல் 27இல் வந்த புதிய தேசியச் சின்னத்தில் ஈட்டியும் தடியும் இருக்கின்றன, ஆனால் படுக்கவைத்திருக்கிறார்கள், சமாதானத்தின் அறிகுறியாக. நாம் மட்டும் கத்தியை நிமிர்த்திப் பிடிப்பானேன்? கத்தியையும் படுக்க வைத்தால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. வரைந்து பார்த்தால் கசாப்புக் கடை விளம்பரம் மாதிரி ஆகிவிட்டது. விட்டுவிட்டோம்.

இலையின் கதை வேறு. மாமியாருக்கு வேப்பிலை வேண்டும். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது இங்கே வீட்டுக்கு வீடு நடக்கும். ஆனால் எங்கள் தெருவில் வேப்பமரம் ஏது? எல்லாரும் ஒடிப்பது சிரிங்கா மரத்து இலையைத்தான். நம் மலைவேம்பு ஜாதி, இலை பார்க்க வேம்பை நினைவூட்டும். அந்த மரம் ஆசியாவிலிருந்து வந்தது, இங்கே ஆற்றங்கரையெல்லாம் தானாகப் பரவி, இப்போது அரசாங்கத்தின் ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் இருக்கிறது. இதைக் கேட்ட கொழுந்தனார் விழுந்து விழுந்து சிரித்தார். ‘இந்தியாவிலிருந்து வந்து, கேட்காமல் பெருகி, போகச் சொன்னாலும் போகாத மரம். இதைவிடப் பொருத்தமான சின்னம் நமக்கு எங்கே கிடைக்கும்?’ என்றார். அன்றைக்குப் பேசியதில் உடனே முடிவானது அது ஒன்றுதான். வேம்பு என்று பொய் சொல்லாமல் சிரிங்கா என்றே எழுதப்போகிறோம்.

இப்போது கூடைக்கு வருகிறேன். நான் இந்தக் கடிதம் எழுதுவதே அதற்காகத்தான்.

எல்லாரும் அந்தத் தாத்தாவையே பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவியை, மாமனார் ‘ஆயா’ என்று சொல்லும் அவருடைய பாட்டியை, யாரும் எடுக்கவில்லை. மாமனாருக்கு அவர் முகம் நன்றாக நினைவிருக்கிறது. டர்பனில் கேட்டோ மேனர் என்ற பகுதியில் வாடகை நிலத்தில் கீரை, கத்தரி, பச்சைமிளகாய் போட்டு, விடிவதற்கு முன்பே தலையில் கூடையோடு டர்பன் சந்தைக்கு நடப்பார். 1910இல் தொடங்கிய அந்த அதிகாலைச் சந்தை இன்றும் வார்விக் பக்கம் இருக்கிறது. 2009இல் அந்த இடத்தில் பேரங்காடி கட்டப் பார்த்தார்கள், வியாபாரிகள் விடவில்லை.

கூடை எதற்காக வந்தது என்பதையும் யோசித்துப் பாருங்கள். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் போடாமல் இருப்பவர்கள் ஆளுக்கு வருடம் 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்று 1895இல் நேட்டால் சட்டம் போட்டது. பெண்களுக்கும் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளியின் முதல் வருடக் கூலி மாதம் 10 ஷில்லிங். 3 பவுன் என்பது 60 ஷில்லிங். அதாவது ஆறு மாதக் கூலி, ஒரு ஆளுக்கு. புருஷனும் பெண்சாதியும் என்றால் ஒரு வருடக் கூலியே வரிக்குப் போகும். 1913இல் காந்தி தலைமையில் சுரங்கத்திலும் தோட்டத்திலும் வேலைநிறுத்தம் நடந்து, சிறைபோன தில்லையாடி வள்ளியம்மை பதினாறு வயதில் இறந்து, 1914இல்தான் அந்த வரி ஒழிந்தது. அதுவரை எங்கள் குடும்பத்தை மறுபடி தோட்டத்துக்குக் கையெழுத்துப் போட விடாமல் காப்பாற்றியது ஆயாவின் கூடை. கரும்பு முதலாளிக்குப் போனது, கூடை எங்களுக்கு இருந்தது.

கேடயத்தில் கூடையை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஐரோப்பியச் சின்னங்களில் கேடயத்துக்கு மேலே தலைக்கவசம், அதற்கும் மேலே சிங்கத் தலையோ கழுகோ உட்கார்ந்திருக்கும். கவசத்துக்கும் சிங்கத்துக்கும் நடுவில் பாருங்கள், இரு நிறத் துணியை முறுக்கிச் சுற்றிய ஒரு வளையம் இருக்கும். முன்பக்கம் பெரும்பாலும் ஆறு முறுக்குத் தெரியும், ஒன்று வெள்ளையோ மஞ்சளோ, அடுத்தது வேறு வண்ணம், மாறி மாறி. கவசத்தில் அந்தத் தலையைப் பொருத்திய இடத்தை மறைக்க அந்தக் காலத்தில் கட்டியது என்கிறார்கள். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது சும்மாடு! பழைய புடவைத் துண்டை முறுக்கிச் சுருட்டித் தலையில் வைத்து, அதன் மேல் பாரத்தை ஏற்றுவோமே, அதேதான். ஐரோப்பாவின் பிரபுக்கள் அத்தனை பேரும் தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு அதன் மேல் சிங்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

மாமனாரிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். ஆயா சும்மாடு கட்டும் விதத்தை உடனே கையால் செய்து காட்டினார். துணியை நீளமாக முறுக்கி, இடது கை நான்கு விரலில் இரண்டு சுற்று சுற்றி, நுனியை உள்ளே செருகி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். பச்சைக் கரை போட்ட வெள்ளைப் புடவைத் துண்டாம். முறுக்கும்போது வெள்ளையும் பச்சையும் மாறி மாறி வருமாம். அப்புறம் எங்களுக்கு வேறு நிறம் தேட வேண்டிய வேலையே இல்லை.

ஆகவே எங்கள் சின்னம் இப்படி. கேடயத்தைக் குறுக்கே அலைக்கோடு ஒன்று பிரிக்கிறது, அது கடல். மேல் பாதி மஞ்சள், அதில் பச்சை நிறத்தில் சிரிங்கா இலைக்கொத்து. கீழ்ப் பாதி பச்சை, அதில் மூன்று வெள்ளைக் கரும்பு. கேடயத்துக்கு மேலே வெள்ளையும் பச்சையும் முறுக்கிய சும்மாடு, அதன் மேல் கூடை. நடுவில் தலைக்கவசம் வேண்டுமா என்று ஓவியர் கேட்டார். ‘ஆயா தலையில் இரும்புத் தொப்பி ஏது?’ என்று மாமனார் முடித்துவிட்டார்.

நிறத்தை நம் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. மஞ்சளும் வெள்ளையும் பொன், வெள்ளி என்று உலோகக் கணக்கு. சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு, ஊதா வண்ணக் கணக்கு. உலோகத்தின் மேல் உலோகம் கூடாது, வண்ணத்தின் மேல் வண்ணம் கூடாது. தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பதற்காக வந்த விதி. நாத்தனார் மஞ்சள் பின்னணியில் வெள்ளைக் கரும்பு கேட்டாள், ஓவியர் வரைந்தே காட்டினார், வெயிலில் பார்த்தால் கரும்பைக் காணோம். மாமியாருக்கு இதில் பாடமே தேவைப்படவில்லை. கோலப்பொடி வெள்ளையாக இருக்கிறது, தரை சாணிப் பச்சையாக இருக்கிறது, இதற்கு ஒரு அலுவலகமா என்றார்.

இன்னொன்று. சின்னத்தில் முக்கியம் படம் இல்லை, அதை விவரிக்கும் வாசகம்தான். அந்த வாசகத்துக்கு அடங்கிய வரையில் எந்த ஓவியரும் தன் கைக்கு ஏற்ப வரையலாம். அதனால் வாசகம் எழுதும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை. வலது, இடது என்பதும் பார்ப்பவருடையது அல்ல, கேடயத்தைப் பிடித்திருப்பவருடையது. இலைக்கொத்தின் காம்பு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதில் ஒரு முழு மாலைப்பொழுது போனது.

பெண்ணுக்குக் கேடயம் உண்டா என்று உங்கள் கட்டுரையாளர் ஒரு வரியில் கேட்டுவிட்டுக் கடந்துவிட்டார். இங்கிலாந்தின் பழைய வழக்கத்தில் கேடயம் போர்க்கருவி, பெண்ணுக்கு ஆகாது என்று அவர்களுக்குச் சாய்சதுரத்தில் வரைந்தார்கள். எங்கள் வீட்டில் அதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. இதில் கரும்பைத் தவிர மீதியெல்லாம் பெண்கள் சுமந்தது, ஒடித்தது, கட்டியது. கேடயத்தின் வடிவத்தில் மட்டும் ஒரு மாற்றம். ஐரோப்பியக் கூர்முனை வேண்டாம், இந்த மண்ணின் மாட்டுத்தோல் கேடயம் போல நீள்வட்டமாக இருக்கட்டும் என்றார் மாமனார். ஆயாவிடம் வாங்கியவர்களில் பாதிப்பேர் ஜூலு மக்கள், ஆயா பேரம் பேசியதும் அவர்கள் மொழியில்தான். இந்த நாட்டுச் சின்ன ஓவியர்கள் அந்த வடிவத்தைப் பல காலமாகவே பயன்படுத்துகிறார்கள்.

கேடயத்துக்குக் கீழே எழுதும் குடும்ப வாசகத்துக்கு, நீங்கள் நினைத்தபடியே, ‘யாதும் ஊரே’ என்றுதான் முதலில் எல்லாரும் சொன்னார்கள். மாமனார் குடும்பத்தைக் கேட்டோ மேனரிலிருந்து ‘இது உங்கள் ஊர் இல்லை’ என்று இனவாரிக் குடியிருப்புச் சட்டம் கிளப்பிச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டது. அவருக்கு அந்த வரி ஒட்டவில்லை. சரக்கு விற்காமல் வாடிப்போன நாளில் ஆயா என்ன சொல்வார் என்று கேட்டேன். ‘நாளைக்கும் சந்தை உண்டு.’ அதையே வைத்துவிட்டோம், தமிழ் எழுத்திலேயே. தேசியச் சின்னத்தின் வாசகம் இன்று பேச ஆளில்லாத, இந்த மண்ணின் சான் பழங்குடிகளின் மொழி ஒன்றில் இருக்கிறது. பேச ஆளிருக்கும் தமிழில் எங்கள் வாசகம் இருக்கட்டும்.

விண்ணப்பம் இன்னும் போகவில்லை. கூடைதான் தடை. ஓவியர் மூன்று மாதிரி வரைந்துவிட்டார், மாமனார் மூன்றையும் ‘இது இல்லை’ என்கிறார். அகலமான வாய், குறுகிய அடி, விளிம்பில் பட்டையாக ஒரு கட்டு, கைப்பிடி கிடையாது என்பது வரைக்கும்தான் அவருக்குச் சொல்லத் தெரிகிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த பின்னல் முறை என்று ஆயா சொன்னாராம். நான் திருநெல்வேலிக்காரி, எனக்குப் பனையோலைக் கடகப்பெட்டிதான் தெரியும், அது இல்லை என்கிறார். உங்கள் வாசகர்களில் குடியாத்தம், ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்துக்காரர்கள் யாராவது இருந்தால், அந்தப் பக்கம் காய்கறி சுமக்கும் பழைய கூடை மூங்கிலா, ஈச்சங்குச்சியா, விளிம்பை எப்படிக் கட்டுவார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். படம் இருந்தால் ரொம்ப நல்லது. உங்கள் அலுவலக முகவரிக்கு வருவதை எனக்கு அனுப்பிவைத்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்